லூக்கா எழுதிய உயில்



"சாமி, பெரியவனுக்கு எல்லாம் எழுதி வச்சிட்டாரு, எனக்கு ஒண்ணுமில்ல." குருக்களாகிய நாங்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய வழக்கு இது. இயேசுவிடமும் ஒருவர் சொத்துப் பங்கீடு கேட்டு வந்ததை லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இன்று நாம் நினைக்கப்போவது வேறொரு லூக்காவை. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துச் சிற்பி லூக்கா தெல்லா ரோப்பியா.

இவர் 1400ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். முதலில் பளிங்கில்தான் செதுக்கினார். 1431இல் அந்நகரப் பேராலயத்துப் பாடகர் மாடத்துக்கான வேலை இவரிடம் வந்தது. திருப்பாடல் 150 அப்படியே கல்லாயிற்று. எக்காளம் ஊதும், மத்தளம் கொட்டும், ஆடிப் பாடும் சிறுவர் சிறுமியர். முடிக்க ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். கல்லில் உழைப்பு மிகுதி, வருமானம் குறைவு என்று கண்டுதான் லூக்கா களிமண்ணுக்கு மாறினார் என்று, பிற்காலத்தில் கலைஞர் வரலாறு எழுதிய வசாரி சொல்கிறார். இருக்கலாம். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்ப்பது பாவமல்லவே!

ஆனால் வெறும் சுடுமண் மழைக்கும் ஈரத்துக்கும் தாங்காது. எனவே மண் உருவத்தைச் சூளையில் சுட்டு, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சைப் பூசி மறுபடியும் சுட்டார். பூச்சு உருகி, கண்ணாடிபோல் உருவத்தைப் போர்த்தியது. பாண்டங்களுக்குப் பூசப்பட்டுவந்த இந்த மெருகைப் பெரிய சிற்பங்களுக்குக் கொண்டுவந்தது இவர் செய்த புதுமை. பெரிய உருவங்களைத் துண்டு துண்டாகச் சுட்டு, சுவரில் பொருத்துவார். நீல வானம், அதன் முன் பால் வெண்மையில் மனிதர்கள். எளிய மண்ணுக்கு விண்ணக நிறம்!

பேராலயத்தில் குருக்கள் திருவுடை அணியும் அறையின் வாசலுக்குமேல் 1442 முதல் 1445 வரை ஆண்டவரின் உயிர்ப்பை இவ்வாறு செய்து வைத்தார். கீழே அதே வாசலுக்கு வெண்கலக் கதவுகளும் பின்னர் இவர் கையால் வந்தன. 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி வேளையிலேயே மெதிச்சி குடும்பச் சகோதரர்கள்மேல் எதிரிகள் கத்தியோடு பாய்ந்தார்கள். ஜூலியானோ அங்கேயே இறந்தார். காயம்பட்ட லொரென்சோ அந்த அறைக்குள் ஓடினார்; நண்பர்கள் லூக்காவின் வெண்கலக் கதவுகளை அடைத்ததால் உயிர் தப்பினார். பீடத்தின் அருகே நடந்த அந்தக் கொலையை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது.

இனி அந்த உயில். லூக்கா மணமாகாதவர். அவருடைய சகோதரர் மார்க்கோவின் மக்களே அவருக்குப் பிள்ளைகள். 1471இல், எழுபது வயதளவில், உயில் எழுதினார். அந்திரேயாவுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டேன், அதைக்கொண்டு அவன் குடும்பத்தோடு நன்றாகவே வாழ்கிறான், ஆகவே சொத்து சிமோனேவுக்கு என்பது அதன் சாரம். அந்திரேயாவுக்குக் கொடுத்த தொழிலோடு ஒப்பிட்டால் மீதிச் சொத்து சிறிதே என்பது பெரியவரின் கணக்கு. நம் ஊரில் இப்படி எழுதினால் அந்திரேயா சும்மா இருப்பாரா? நமக்குச் சந்தேகம்தான். ஆனால் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்ததைப் பங்கில் சேர்த்து எண்ணிய அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம்.

லூக்கா 1482இல் இறந்தார். அந்திரேயா பட்டறையைப் பெருக்கினார். அவருடைய மக்களில் சிலர் சூளையைத் தொடர்ந்தனர். இருவர் தோமினிக்கன் துறவிகளாயினர். 1487 அளவில், ஃபிளாரன்சின் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்ல முகப்பில் அந்திரேயா வட்டத் தகடுகளைப் பதித்தார். ஒவ்வொன்றிலும் துணியால் சுற்றப்பட்ட ஒரு வெள்ளைக் குழந்தை, கைகளை விரித்தபடி நீலத்தின் நடுவே நிற்கிறது. அந்த இல்லம் 1445இல் முதல் குழந்தையை ஏற்றது. அங்கே விடப்பட்டவர்களுக்கு உயில் எழுத யாருமில்லை. சிறுவர்கள் வளர்ந்ததும், இல்லத்தார் அவர்களை நகரத்துப் பட்டறைகளுக்குத் தொழில் கற்க அனுப்பினார்கள்.