கோலென்சோவில் மீண்ட இரண்டு பீரங்கிகள்: ஆணைக்குக் கீழ்ப்படிதலும் வீர விருதும்

போயர் போரின்போது, 1899 டிசம்பர் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், டுகேலா ஆற்றங்கரையிலுள்ள கோலென்சோவில், போயர்களிடம் பிரிட்டிஷ் படை தோற்றது. முற்றுகைக்குள்ளிருந்த லேடிஸ்மித் நகரை மீட்கப் புறப்பட்ட தளபதி ரெட்வர்ஸ் புல்லர் அன்று பத்துப் பீரங்கிகளைப் பறிகொடுத்தார். 14ஆம், 66ஆம் பேட்டரிகளின் பன்னிரண்டில் திரும்பி வந்தவை இரண்டே. அவற்றை மீட்கப் போனவர்களுள் ஒருவரான பீரங்கிப்படைக் கேப்டன் ஹாரி நார்ட்டன் ஷோஃபீல்டை, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவைக்குப் புல்லர் பரிந்துரைக்கவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் பீரங்கிப்படையின் தொழிலோடு பொருந்தாதது. பின்னால் வந்த திருத்தமோ பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இவ்விரண்டையும்தான்.

நடந்ததை முதலில் பார்ப்போம். கர்னல் சார்லஸ் லாங் தம் பீரங்கிகளைக் காலாட்படைக்கும் முன்னால், எதிரியின் துப்பாக்கி எட்டும் தொலைவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மறுகரைப் பதுங்குகுழிகளிலிருந்து போயர் தளபதி லூயி போத்தாவின் ஆட்கள் சுட்டுத் தள்ளினர். பீரங்கிகளை இயக்கியவர்கள் இறந்தும் காயமுற்றும் போக, எஞ்சியவர்கள் பின்வாங்கினர். பீரங்கிகள் வெட்டவெளியில் தனித்து நின்றன. சுமார் 500 கஜம் பின்னால் ஒரு ஓடைப் பள்ளத்தில் சில குதிரைகளும் குதிரையோட்டிகளும் ஒதுங்கியிருந்தனர். இடைப்பட்ட நிலத்தில் குண்டு விழாத இடமில்லை.

அதைக் கடந்து போனவர்கள் ஷோஃபீல்டு, காலாட்படையைச் சேர்ந்த கேப்டன் வால்டர் காங்கிரீவ், லெப்டினன்ட் ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ், 66ஆம் பேட்டரியின் கார்ப்பரல் ஜார்ஜ் நர்ஸ், ஆறு குதிரையோட்டிகள். பின்னர் 7ஆம் பேட்டரியின் கேப்டன் ஹாமில்டன் ரீட் மூன்று குதிரை அணிகளோடு முயன்று, பாதி வழிகூடப் போக முடியாமல் காயத்தோடு திரும்பினார். அவருடைய 21 குதிரைகளில் 13 மாண்டன. மூன்று இடங்களில் குண்டு பாய்ந்த ராபர்ட்ஸ் இரண்டு நாளில் இறந்தார். அவர், பின்பு தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமையேற்ற லார்டு ராபர்ட்ஸின் மகன். அவருடைய உடலைத் தூக்கிச் சென்றது தாம் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை என்று காந்தி எழுதியிருக்கிறார்.

மறுநாளே புல்லர் பரிந்துரைக் கடிதம் எழுதினார். காங்கிரீவ், ராபர்ட்ஸ், நர்ஸ், ரீட் ஆகியோருக்கு விக்டோரியா சிலுவை. குதிரையோட்டிகளுக்கு அதற்கு அடுத்த நிலைப் பதக்கம். ஷோஃபீல்டின் துணிவை மனமாரப் பாராட்டிய அதே கடிதத்தில், அவர் ஆணைப்படி இயங்கியவர் என்பதால் பரிந்துரைக்கவில்லை என்றார். சிலுவைக்கு வெறும் கீழ்ப்படிதல் போதாது, தானாக முன்வந்ததற்குச் சான்று வேண்டும் என்பது அவர் கருத்து. புல்லரும் 1879 ஜூலூப் போரில் அதே சிலுவையைப் பெற்றவர். அதன் மதிப்பைக் காக்க விரும்பினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் வகுத்த அளவுகோல் அவருடையது, சட்டத்தினுடையது அன்று. சிலுவையை நிறுவிய 1856 ஆணைப் பத்திரம் எதிரியின் முன்னிலையில் காட்டிய தனிச்சிறப்பான வீரத்தைக் கேட்கிறதே ஒழிய, ஆணையின்றிச் செய்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

இதைவிட முக்கியமானது தொழில் சார்ந்த ஆட்சேபம். அன்று பீரங்கியை நகர்த்த ஆறு குதிரை, மூன்று ஓட்டிகள் தேவைப்பட்டன. குதிரையை முன்வண்டியில் பூட்டி, முன்வண்டியைப் பீரங்கியோடு கோக்க வேண்டியிருந்தது. ஓட்டியால் தரையில் படுத்துக்கொள்ள முடியவில்லை, திருப்பிச் சுடவும் முடியவில்லை. நிமிர்ந்து அமர்ந்து இரு குதிரைகளைச் செலுத்த வேண்டியிருந்தது. சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்யும் கூட்டுவேலை இது. இங்கே ‘தானாக முன்வருதல்’ என்று தேடினால், தொழிலை அறிந்து செய்தவன் பின்தள்ளப்படுவான், உதவிக்கு வந்தவன் முன்னே நிற்பான். கோலென்சோவில் நடந்தது அதுதான். தளபதியின் பக்கத்திலிருந்து புறப்பட்ட அதிகாரிகளில் பீரங்கிப்படையைச் சேர்ந்தவர் ஷோஃபீல்டு; சிலுவைக்குப் பரிந்துரைக்கப்படாதவரும் அவரே.

வேறு வழி இல்லாமலும் இல்லை. மூன்றரை மாதம் கழித்து, 1900 மார்ச் 31 அன்று, சன்னாஸ் போஸ்ட்டில் ராயல் ஹார்ஸ் ஆர்ட்டிலரியின் கியூ பேட்டரி கடும் சூட்டுக்கிடையே பீரங்கிகளைக் கையாலேயே தள்ளி மீட்டது. அதுவும் பின்வாங்கும் ஆணை வந்த பின் நடந்ததே. ஆனால் லார்டு ராபர்ட்ஸ் முழுப் பேட்டரியின் வீரத்தையும் சமமாகக் கருதி, சிலுவைக்கு உரியவர்களைப் படையினரே தம்முள் தேர்ந்தெடுக்க வழிசெய்யும் ஆணைப் பத்திரத்தின் 13ஆம் விதியைப் பயன்படுத்தினார். மேஜர் ஃபிப்ஸ்-ஹார்ன்பி, சார்ஜன்ட் பார்க்கர், கன்னர் லாட்ஜ், குதிரையோட்டி கிளாஸக் என நால்வருக்குச் சிலுவை கிடைத்தது. ஒரு ஓட்டியை மேஜருக்கு நிகராக நிறுத்தும் வழி 1856 முதலே சட்டத்தில் இருந்தது.

ஷோஃபீல்டுக்கு முதலில், சிலுவைக்குக் கீழான டி.எஸ்.ஓ. விருது வந்தது. 1901 ஆகஸ்ட் 30 அரசிதழில் அது நீக்கப்பட்டு விக்டோரியா சிலுவையாக மாற்றப்பட்டது. ஆணைப்படி இயங்கியவரும் சிலுவைக்கு உரியவர் என்பதை அரசே ஒப்புக்கொண்டது என்றே இதைப் படிக்கிறேன். அப்படியானால் அதே பீரங்கிகளை அதே வெளியில் இழுத்து வந்த டெய்லர், யங், பெட்ஸ், ராக்கால், லூக்காஸ், வில்லியம்ஸ் என்ற ஆறு ஓட்டிகளின் கணக்கையும் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. புல்லரின் கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு: வேறு சில ஓட்டிகளும் முயன்றார்கள், எல்லோரும் கொல்லப்பட்டார்கள், அவர்களுடைய பெயர்கள் தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார்.