புள்ளிகளுள் அடங்கும் உடல்: சிற்றுருவம் வரைதலும் உடற்கூற்று அறிவும்

கணினி விளையாட்டுகளில் ஓடியாடும் சின்னஞ்சிறு மனித உருவங்களைப் பலரும் கண்டிருப்பர். பிக்சல் எனப்படும் சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடுக்கி அவை அமைக்கப்படுகின்றன. தொடக்ககால விளையாட்டுகள் சிலவற்றில் ஓர் உருவத்திற்கு அகலத்தில் 16, உயரத்தில் 16 என மொத்தம் 256 புள்ளிகளே கிடைத்தன. இத்துணைச் சிறிய இடத்தில் எலும்பும் தசையும் தெரியப் போவதில்லை, ஆகவே உடற்கூறு கற்க வேண்டியதில்லை என்று இக்கலையைப் பயிலத் தொடங்குவோர் கருதுவதுண்டு. ஒரு சிறு கணக்கு அக்கருத்தை மாற்றிவிடும். 170 செ.மீ. உயரமுள்ள ஒருவரை 16 புள்ளி உயரத்தில் வரைந்தால், ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10.6 செ.மீ.க்கு ஈடாகிறது. முழங்கால் ஒரேயொரு புள்ளி மேலேறினாலும் கால் ஊனமுற்றதுபோல் தோன்றும். பெரிய ஓவியத்தில் ஒரு கோட்டின் பிழையை மற்றொரு கோடு மறைக்கக்கூடும். இங்கோ மறைப்பதற்கு வேறு கோடு இல்லை.

மிகக் குறைந்த குறிகளால் மனித வடிவத்தை உணர்த்துவது எங்ஙனம் என்னும் வினா கணினியோடு பிறந்ததன்று. இஸ்லாமிய நாகரிகத்தின் ஒளியியல் அறிஞரும் தத்துவவாணரும் மருத்துவரும் தத்தம் துறைகளில் இதனையொட்டிய வினாக்களை எதிர்கொண்டனர். அதனால் பிக்சல் கலைக்கு அவர்களே முன்னோடிகள் என உரிமை கொண்டாடுவது வரலாறாகாது. ஆயினும் அவர்கள் கண்ட விடைகள் இன்றைய மாணவருக்கும் பயன்படுவன.

பஸராவில் ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் பார்வையின் இயல்பை ஆராய்ந்தார். காணப்படும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளியும் நிறமும் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. அவை கண்ணில் புள்ளிக்குப் புள்ளி ஒழுங்குற அமைவதாலேயே உருவம் புலனாகிறது என்பது அவர் நிலைநாட்டிய கருத்து. இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது இரண்டாம் பாகத்தில் அவர் கூறும் மற்றொன்று. முன்பு அறிந்த ஒன்றை மீண்டும் காணும்போது நாம் அதன் எல்லா உறுப்புகளையும் ஆராய்வதில்லை; சில அடையாளங்களைக் கொண்டே இன்னது எனத் தெளிந்துவிடுகிறோம். அவ்வடையாளங்களை அவர் ‘அமாராத்’ என்னும் சொல்லால் சுட்டினார். கண்டதில் குறைந்துள்ளதை அறிவு நிரப்பிக்கொள்கிறது. சிற்றுருவக் கலை முழுவதும் இவ்வுண்மையின்மீதே நிற்கிறது. ஆனால் எந்த அடையாளம் போதுமானது, எதை விடலாம் என்று தேர்பவர் முழு உடலையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

அவ்வறிவின் முதற்படி அளவு. 10ஆம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய ‘இக்வானுஸ் ஸஃபா’ குழுவினர் தம் 52 மடல்களுள் இசை பற்றிய மடலில் மனித உடலின் விகிதங்களைப் பேசுகின்றனர். குறையின்றிப் பிறந்த குழந்தையின் உயரம் அதன் சாணால் எட்டுச் சாண். உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை இரண்டு, அங்கிருந்து இடுப்புவரை இரண்டு, இடுப்பிலிருந்து இதயம்வரை இரண்டு, இதயத்திலிருந்து உச்சிவரை இரண்டு. ‘எண்சாண் உடம்பு’ என்னும் வழக்கை அறிந்த தமிழருக்கு இவ்வளவு வியப்பளிக்காது. இதனை 16 புள்ளிக் கட்டத்தில் பொருத்தினால் முழங்கால் நான்காம் புள்ளியிலும், இடுப்பு எட்டிலும், இதயம் பன்னிரண்டிலும், உச்சி பதினாறிலும் அமைகின்றன. பிக்சல் ஓவியர் பெரும்பாலும் இவ்விகிதத்தை மீறித் தலையைப் பெரிதாக்குவர்; முகத்தின் குறிகளுக்கு இடம் வேண்டுமே. ஆயினும் அளவை அறிந்து மீறுபவருக்கு, தலைக்கு ஈந்த புள்ளிகளைக் காலிலிருந்து எடுப்பதா, உடலிலிருந்து எடுப்பதா என்பது தெரியும்.

இரண்டாவது படி நேரிற் காணல். இதற்கு அப்துல் லத்தீப் அல்பக்தாதி (1162–1231) சிறந்த சான்று. எகிப்தில் 1200 முதல் 1202வரை நிலவிய கொடும் பஞ்சத்தை நேரில் கண்டவர் அவர். கெய்ரோவை அடுத்த அல்மக்ஸ் என்னுமிடத்தில் மடிந்தோரின் எலும்புகள் குன்றெனக் குவிந்து கிடந்தன. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஜாலினூஸ் (கேலன்) எழுதியிருந்ததையே மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளாக ஓதிவந்தது. அப்துல் லத்தீபும் உடனிருந்தோரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டைகளை ஆராய்ந்து, தாடை பொருத்தற்ற ஒரே எலும்பு என்று கண்டனர். ஜாலினூஸின் கூற்றைவிடப் புலன்களின் சாட்சியமே நம்பத்தக்கது என்று அவர் பதிவு செய்தார். பிறர் வரைந்த சிற்றுருவங்களைப் புள்ளி மாறாமல் படியெடுத்துப் பழகும் இன்றைய மாணவர், முன்னவரின் பிழையையும் சேர்த்தே படியெடுக்கிறார் என்பதை இந்நிகழ்ச்சி எண்ணச் செய்கிறது.

மூன்றாவது படி, கண்டதைச் சுருக்கி வரைதல். ஷீராஸைச் சேர்ந்த மன்ஸூர் இப்னு இல்யாஸ் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக மொழியில் எழுதிய ‘தஷ்ரீஹே மன்ஸூரி’ முழு உடலின் படங்களைக் கொண்டது. தைமூரின் பேரர் பீர் முஹம்மதுக்கு உரித்தாக்கப்பட்ட அந்நூலின் படிகளுள் ஒன்று, ஹிஜ்ரி 894இல் (கி.பி. 1488) எழுதப்பட்டது, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தில் உள்ளது. எலும்பு, நரம்பு, தசை, சிரை, தமனி ஆகியவற்றிற்குத் தனித்தனி இயல்களும் படங்களும் உண்டு. கருவுற்ற பெண்ணின் படமும் இடம்பெறுகிறது. கால்களை அகல விரித்துக் குந்திய நிலையில் உருவங்கள் காணப்படுகின்றன. எலும்புக்கூடு முதுகுப்புறமிருந்து காட்டப்பட, தலை பின்னோக்கி மடிந்து வாய் மேற்புறம் நிற்கிறது. 1543இல் வெளியான வெசாலியஸின் படங்களை அருகில் வைத்து நோக்குவோர் இவற்றைச் செப்பமற்றவை எனத் தள்ளக்கூடும். ஆனால் இவை தோற்றத்தைக் காட்ட எழுந்த ஓவியங்களல்ல. உறுப்புகளின் தொடர்பைக் காட்டும் வரைபடங்கள். விரிந்த கைகால்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமையால் நாளங்களின் போக்கு தடையின்றித் தெரிகிறது. உறுப்புகள் உடலோடு கலந்து மறையாதபடி நிலையைத் தேர்வதே இன்று பிக்சல் ஓவியருக்கும் கற்பிக்கப்படும் பாடம்.

உருவம் வரைதலின் வரம்புகள் பற்றி ஃபிக்ஹு அறிஞர்களிடையே நெடிய விவாதம் உண்டு. அதனை இங்கே விரிக்கவில்லை. ஆனால் அவ்விவாதத்தைக் காட்டி, முஸ்லிம்கள் உடலின் அமைப்பை நோக்காதிருந்தனர் என்று முடிவு கட்டுவோரின் கூற்று அல்மக்ஸின் எலும்புக் குவியலின் முன்னும் ஷீராஸின் ஏட்டின் முன்னும் நிலைக்காது.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் ஷிகேரு மியமோட்டோ 1981இல் ‘டாங்கி காங்’ விளையாட்டுக்காக வடித்த உருவமே பின்னர் மாரியோ எனப் பெயர் பெற்றது. வாயை வரைய இடமில்லை. எனவே பெரிய மூக்கும் அதன்கீழ் மீசையும் அமைந்தன. முடியின் அசைவைக் காட்ட இயலாமையால் தொப்பி வந்தது. கையின் வீச்சு உடலிலிருந்து பிரிந்து தெரிவதற்காகத் தோள்பட்டையுடன் கூடிய வேறு நிற உடை அணிவிக்கப்பட்டது. இப்னுல் ஹைதம் கூறிய அடையாளங்களுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அசையும் உடலைக் கற்றவர் அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர். 1985இல் தம் இளைய சகோதரரை ஓடவும் தாவவும் தொங்கவும் செய்து படம்பிடித்து, ஒவ்வொரு நிலையையும் பார்த்து வரைந்து புள்ளிகளாக மாற்றினார். வாட்போருக்கு 1938இல் வெளிவந்த ‘ராபின் ஹூட்’ திரைப்படத்தின் சண்டைக் காட்சி உதவியது. இவ்வுழைப்பின் பயனாக 1989இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ வெளியாயிற்று. அதன் வீரன் ஓட்டத்தை நிறுத்தும்போது சற்றுச் சறுக்கியே நிற்பான். குதித்திறங்கும்போது முழங்கால் மடியும். முகம் சில புள்ளிகளே ஆயினும், எடையுள்ள ஓர் உடல் அங்கே இருப்பதை எவரும் உணர்வர். அவ்விளையாட்டின் பாரசீக அரண்மனை மேலைநாட்டாரின் கற்பனை. அதனுள் ஓடும் உடலோ நேரிற் கண்டு கற்றது.

நம் இளைஞர் பலர் இன்று கணினியில் உருவம் வரைவதை ஆர்வத்துடன் பயில்கின்றனர். மென்பொருளின் கருவிகளை அவர்கள் விரைவில் கற்றுவிடுவர். எட்டுச் சாணின் அளவை மனத்தில் இருத்துவதும், நடப்பவர் எந்தக் காலில் எடையைத் தாங்குகிறார் என நின்று நோக்குவதும், தாம் கண்டதற்கு மாறாக இருப்பின் புகழ்பெற்றவர் வரைந்த உருவத்தையும் மறுத்து ஒதுக்குவதும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டியவை. அறிந்து விட்ட புள்ளிக்கும் அறியாமல் விடுபட்ட புள்ளிக்கும் உள்ள வேறுபாடு, அவ்வுருவம் எழுந்து நடக்கும்போது தெரிந்துவிடும்.