குடல் பாக்டீரியாவும் இரும்புச்சத்தும்

உணவிலுள்ள நுண்கனிமங்களுள், குடல் பாக்டீரியாவைப் பொறுத்தவரை மிகுதியாக ஆராயப்பட்டது இரும்பு. உண்ணும் இரும்பில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடுகிறது; தானியம், கீரை, பருப்பு வழியாக வரும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தாலே அதிகம். இரும்பு மாத்திரை சாப்பிடுவோருக்கு மலம் கறுப்பதும் இந்த எச்சத்தால்தான். அந்த எச்சம் பெருங்குடலிலுள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது.

வரலாறு

காசநோயாளிக்கு இரும்பு கொடுத்தால் நோய் முற்றும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் அர்மான் துரூசோ எச்சரித்திருந்தார். காரணம் அப்போது விளங்கவில்லை. அது புலப்பட்டது முட்டையிலிருந்து.

முட்டையின் வெள்ளைக்கருவில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. 1922இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த லைசோசைம் என்னும் நொதி இதற்கு ஒரு விடையாக இருந்தது. 1944இல் ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் இருவரும் பச்சை வெள்ளைக்கருவில் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவை வளர்க்க முயன்றனர், வளரவில்லை. பல தனிமங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். இரும்பைச் சேர்த்ததும் கிருமி செழித்தது. வெள்ளைக்கரு கிருமியைக் கொல்லவில்லை, பட்டினி போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரும்பைப் பிடித்து வைத்திருந்த புரதம் கோனால்புமின் என்று 1946இல் அடையாளம் காணப்பட்டது. இரும்பு சேர்ந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். அதே ஆண்டில் ஷேடும் கரோலினும் மனித ரத்தத்திலும் இவ்வாறு இரும்பைப் பிணைக்கும் ஒரு பொருளைக் கண்டனர். இன்று அதன் பெயர் டிரான்ஸ்ஃபெரின்.

தாய்ப்பாலில் இவ்வேலையைச் செய்வது லாக்டோஃபெரின். சீம்பாலில் இது மிகுதி. தாய்ப்பால் ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதையும், லாக்டோஃபெரின் கொள்ளும் மட்டும் இரும்பை ஊட்டிவிட்டால் அத்தடை நீங்கிவிடுகிறது என்பதையும் 1972இல் புல்லன் குழுவினர் காட்டினர்.

செயல்முறை

ஈ. கோலை, சால்மொனெல்லா போன்றவை என்டெரோபாக்டின் முதலிய மூலக்கூறுகளை வெளியே அனுப்பி இரும்பைக் கவர்ந்து வருகின்றன. உடல் லிப்போகாலின்-2 என்ற புரதத்தால் என்டெரோபாக்டினைச் சிறைப்பிடிக்கிறது. சால்மொனெல்லாவோ அதன்மீது சர்க்கரையை ஒட்டி, பிடிபடாத வடிவமாக்கித் தப்பிவிடுகிறது. மோரிலும் ஊறுகாயிலும் காணப்படும் லாக்டோபாசில்லஸ் வகைகள் பலவற்றுக்கு இரும்பு ஏறத்தாழத் தேவையே இல்லை; அவை மாங்கனீஸைக் கொண்டு சமாளிக்கின்றன. ஆகவே குடலில் இரும்பு கூடும்போது ஆதாயம் அடைவது கெட்ட கூட்டமே.

கள ஆய்வுகள்

கோட் டிவார் நாட்டில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இரும்பு சேர்த்த பிஸ்கட் ஆறு மாதம் கொடுக்கப்பட்டது. அவர்களுக்குக் குடலில் ஈ. கோலை அடங்கிய என்டெரோபாக்டீரியா பெருகி லாக்டோபாசில்லஸ் குறைந்ததாகவும், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் உயர்ந்ததாகவும் 2010இல் அறிவிக்கப்பட்டது. கென்யாவில் ஆறு மாதக் குழந்தைகளுக்கு மக்காச்சோளக் கஞ்சியில் 2.5 அல்லது 12.5 மில்லிகிராம் இரும்பு கலந்து ஊட்டியபோதும் (2015இல் வெளியானது) இதே போக்கு தெரிந்தது. தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு மாற்றம் எதையும் காணவில்லை. அது சுகாதாரம் மேம்பட்ட சூழலில் நடந்தது.

பிற கனிமங்கள்

துத்தநாகமும் குடல் பாக்டீரியாவைப் பாதிக்கிறது. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கத் தீவனத்தில் மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்தியது. மேற்சொன்ன கால்புரொடெக்டின், துத்தநாகத்தையும் மாங்கனீஸையும் கிருமிகளுக்கு எட்டாமல் பிடித்து வைக்கும் புரதமே.

இன்றைய நிலை

இரும்புடன் காலக்டோ-ஒலிகோசாக்கரைடு என்ற நார்ப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் கேடு குறைவதாகக் கென்ய ஆய்வு ஒன்று 2017இல் கண்டது. இந்தியாவில் செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி.