வளையங்களும் எச்சரிக்கைகளும்: செய்நிரல் நடை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணனிக்கு எழுதப்படும் கட்டளைகளுக்கும் நல்ல நடை, தீய நடை உண்டென்பதைப் பலரறியச் செய்த பூசல் 1968 மார்ச்சில் எழுந்தது. செய்நிரலின் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குத் தாவச் செய்யும் ‘கோ டூ’ கட்டளை கேடு விளைப்பது என ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதினார். தாவல்கள் மலிந்த செய்நிரலின் இயக்கம் எந்நிலையில் உள்ளதென்பதை அதன் எழுத்தைக் கொண்டு உணர்தல் அரிது என்பதே அவர் வாதம். (தலைப்பிட்டவர் இதழாசிரியர் நிக்லஸ் விர்த். பூசலுக்குப் பாதிக் காரணம் அத்தலைப்பே எனலாம்.)

மீளச்செய்யும் வளையத்துக்கு நுழைவாயில் ஒன்று, வெளிவாயில் ஒன்று என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. ஆயின் நடைமுறை அத்துணை எளிதன்று. ஒரு பதிவை வாசித்து, பதிவுகள் முடிந்திருப்பின் நிறுத்தி, அன்றேல் கணித்து, மீண்டும் வாசிக்கும் வளையத்துக்கு இயல்பான வெளிவாயில் நடுவிலேயே உள்ளது. அதனைத் தலைப்புக்கு நகர்த்தினால் வாசிக்கும் கட்டளையை இருமுறை எழுத நேரும். டொனால்ட் நூத் 1974இல் இத்தகைய வளையங்களை ஆராய்ந்து, அளவான தாவலுக்கு இடமளித்தார்.

இவ்விவாதத்தின் ஒரு பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் பெல் ஆய்வுகூடத்து ஸ்ரீபன் ஜோன்சன். சீ மொழிச் செய்நிரல்களைச் சோதிக்கும் அவரது கருவி, துணியில் ஒட்டும் நூற்பிசிரின் ஆங்கிலப் பெயரால் ‘லின்ற்’ எனப்பட்டது. 1978இல் அவர் விவரித்தவாறு, தலைப்பினூடாக நுழைய முடியாத வளையத்தை அது கண்டித்தது. அத்தகையது செல்லுபடியாகலாம், ஆயினும் தீய நடை என்பதே அவர் முடிவு. தாவலை அடுத்து அடையாளப் பெயரின்றி நிற்கும் கட்டளை ஒருபோதும் இயங்காது என்பதையும் லின்ற் சுட்டியது. எனினும் இயங்காத ‘பிறேக்’ கட்டளைகளைக் கண்டு வாளாவிருந்தது. ‘யாக்’, ‘லெக்ஸ்’ எனும் கருவிகள் தாமே ஆக்கும் செய்நிரல்களில் அவை நூற்றுக்கணக்கில் இருந்தமையே காரணம். யாக்கை ஆக்கியவரும் ஜோன்சனே! நூறு வீண் எச்சரிக்கைகளிடையே மெய்யான ஒன்றைக் காண்பார் எவர்? எங்கே பேசாதிருப்பது என்பதே இக்கருவிகளின் கடினமான பகுதி.

அந்த மௌனத்தின் விலை 2014இல் தெரிந்தது. அப்பிள் நிறுவனத்தின் மறைகுறித் தொடர்புகளைச் சரிபார்க்கும் செய்நிரலில் கோ டூ வரியொன்று தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டாவது வரி நிபந்தனையின்றி இயங்கி, கையொப்பச் சோதனை முழுமையுறுமுன் தாவியது; இடைமறிப்போர் வேறொருவராய் நடிக்க வழி திறந்தது. இயங்காக் கட்டளைகளைச் சுட்டும் எச்சரிக்கை, அக்காலத் தொகுப்பான்களின் வழமையான எச்சரிக்கைத் தொகுதியில் இருக்கவில்லை. ‘ஜீசீசீ’ தொகுப்பானிலோ, அதன் முடிவுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியமையால், முற்றாகவே நீக்கப்பட்டிருந்தது. 1978இன் லின்ற் தேடிய வகைப் பிழையே அது.