கல்லூரி டென்னிஸ்: செலவு யார் தலையில்?

1951இல் சென்னை லயோலா கல்லூரியின் பெர்ட்ரம் கோப்பை டென்னிஸ் போட்டியில் பள்ளி மாணவர் ஒருவர் களமிறங்கினார். கல்லூரி மாணவர்களுக்கான போட்டி அது. கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுத்ததால் ஆடியவர், கோப்பையையும் தட்டிச் சென்றார். அவர்தான் ராமநாதன் கிருஷ்ணன். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்ற முதல் ஆசியரும் அவரே.

கல்லூரி அவருக்குக் களம் கொடுத்தது. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் தந்தை டி.கே.ராமநாதன். பின்னாளில் லயோலாவில் படித்த விஜய் அமிர்தராஜின் கதையும் ஏறக்குறைய இதுதான். தாய் மேகி அமிர்தராஜ் நடத்திய அட்டைப்பெட்டித் தொழில்தான் பிள்ளைகளின் ஆட்டத்துக்குத் துணைநின்றது. தமிழகக் கல்லூரி டென்னிஸின் புகழ்பெற்ற பெயர்களுக்குப் பின்னால் குடும்பத்தின் பணமும் உழைப்புமே இருந்தன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

1985இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டம் இந்தச் சுமையைக் குடும்பத்திடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றியது. அங்கே பயின்ற லியாண்டர் பயஸ் 1990இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். ஆனால் அது கல்லூரிக்கு வெளியே நடந்த முயற்சி.

அமெரிக்காவில் கல்லூரியே செலவில் ஒரு பங்கை ஏற்கிறது. அங்கே கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் ஆடவர் டென்னிஸ் அணிக்கு நெடுங்காலம் நாலரை உதவித்தொகைதான் அனுமதி. மகளிர் அணிக்கு எட்டு. அணிகள் மோதும் ஓர் ஆட்டத்துக்கு ஒற்றையரில் ஆறு பேர் வேண்டும். எனவே தலைமைப் பயிற்சியாளர் அந்த நாலரையை ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்குக் கால் என்று பங்கு போட்டே அணியைக் கட்டினார். மீதிக் கட்டணம் பெற்றோர் தலையில்.

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், பிரையன் போலண்ட் பயிற்சியளித்த வர்ஜீனியா பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். 2007 அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய ஒற்றையர் இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னர். ஆட்டம் நடந்ததோ இஸ்னரின் பல்கலைக்கழகக் களத்தில். மூன்று செட் போராடி சோம்தேவ் வென்றார், 2008இலும் பட்டத்தைத் தக்கவைத்தார். மறு ஆண்டே சென்னை ஓப்பன் இறுதிவரை முன்னேறினார். பயிற்சியாளர், சக ஆட்டக்காரர்கள், வாராவாரம் போட்டி என மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைத்ததன் பலன் இது.

தமிழகத்தில் நிலைமை வேறு. ஏற்காட்டு மலைச்சாலை தொடங்கும் அடிவாரத்திலிருந்து சேலத்துக்கு வந்து படிக்கும் மாணவர், பெரியார் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகலாம். கல்லூரியில் அவரைக் கவனிப்பவர் பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநர். கபடி, கைப்பந்து, தடகளம் எல்லாம் அவர் பொறுப்பே. விளையாட்டு ஒதுக்கீடு கல்லூரிக்குள் நுழைய இடம் கொடுக்கும், ஆனால் டென்னிஸுக்கென்று தனிப் பயிற்சியாளரைக் கொடுத்துவிடாது. ஆள் எடுப்பதில் காட்டும் அக்கறையைப் பயிற்சியாளர் நியமனத்திலும் கல்லூரிகள் காட்டியாக வேண்டும்.

அமெரிக்கக் கதவும் இப்போது பழைய மாதிரி இல்லை. 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஆட்டக்காரர்களுடன் வருவாயைப் பகிர ஒப்புக்கொண்ட கல்லூரிகளில் உதவித்தொகை வரம்பு போய், டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பத்துப் பேருக்கும் முழு உதவித்தொகை கொடுக்கத் தடையில்லை. ஆனால் புதிதாகப் பகிரும் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே போகிறது.