அளவுகோல் யார் கையில்?

செங்கோலைப் பாடியோர் ஆயிரம் பேர். அளவுகோலைப் பற்றிப் பேசியோர் எத்தனை பேர்? மன்னன் கையிலிருந்த கோல் வளைந்ததா, நிமிர்ந்ததா என்று ஆராய்ந்த ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அவனுடைய அலுவலர் வயலுக்கு எடுத்து வந்த கோல் நீண்டதா, குறுகியதா என்பதன்றோ உழவன் வீட்டு உலைப்பானையின் தலைவிதியை முடிவு செய்தது! அந்தக் கோலின் வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், சாணும் முழமும் கற்பிப்பது பாதிப் பாடமே என்பது நம் கருத்து.

நீளத்தை அளக்க மனிதன் முதலில் தேடிய கருவி அவனுடைய உடலே. விரல், சாண், முழம், அடி என்னும் சொற்களே அதற்குச் சான்று. கணக்கதிகாரம் போன்ற பழைய கணக்கு நூல்கள் அவற்றை ஒழுங்குபடுத்தி வைத்தன. 8 நெல் ஒரு விரல். 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு கோல். 500 கோல் ஒரு கூப்பிடு. 4 கூப்பிடு ஒரு காதம். ஒருவன் கூப்பிட்டால் மற்றவன் காதில் விழும் தொலைவு கூப்பிடு. எவ்வளவு எளிய பெயர்! வானத்திலிருந்து இறங்கி வந்த அளவுகளல்ல இவை. உழுதவனும் நெய்தவனும் மரம் அறுத்தவனும் தம் கைகால்களைக் கொண்டு கண்ட அளவுகள்.

இவற்றைத் திண்ணைப் பள்ளிகள் எவ்வாறு கற்பித்தன? மணலில் விரலால் எழுதி, பின் ஓலையில் எழுத்தாணி பிடித்து, எண்சுவடியையும் குழிமாற்றையும் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர் பிள்ளைகள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்றால் அதிலும் 320இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400இல் ஒன்று. இத்தகைய நுண்கணக்கை நாவில் ஏற்றிய அப்பயிற்சியை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் ஒரு கேள்வி: அந்தத் திண்ணையில் அமர்ந்தவர் யார்? சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் கேட்டு, 1826இல் தொகுத்துரைத்த கணக்கின்படி, மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. அவற்றில் பயின்ற பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கோ, அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டாத் தொலைவு! வாய்பாடு ஒரு சாராரிடம்; வயலில் உழைப்பு மற்றொரு சாராரிடம். ஓலையில் எழுதிய கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க அறியாதவன், எழுதியவன் சொன்னதை நம்புவதன்றி வேறென்ன செய்வான்?

நில அளவையின் வரலாற்றைப் பாருங்கள். முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001ஐ ஒட்டிச் சோழநாடு அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1086இல் மீண்டும் ஓர் அளவை நடந்தது. வேலியின் மிகச் சிறு பின்னங்கள்வரை கல்வெட்டுகளில் காண்கிறோம். அத்தனை நுட்பம்! ஆயினும் நாடெங்கும் ஒரே கோலா இருந்தது? இல்லை. பன்னிரு சாண் கோல் ஓரிடம், பதினாறு சாண் கோல் வேறோரிடம். மாளிகைக் கோல், உலகளந்த கோல், சுந்தரபாண்டியன் கோல் என்று பெயர்களும் பல. ஊரில் வழங்கிய கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலும் அடித்தளத்திலும் கோடாகப் பொறித்து வைத்தனர். கல்லில் பொறித்தது ஏன்? மரக்கோலைச் செதுக்கலாம், கற்கோட்டைச் செதுக்க முடியாது என்பதால்தானே!

கோல் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்போர் உண்டு. கணக்கே விடை சொல்லட்டும். நான்கு பக்கமும் 240 சாண் கொண்ட சதுரமான வயல் ஒன்று. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட பரப்பு ஒரு குழி. பதினாறு சாண் கோலால் அளந்தால் பக்கத்துக்கு 15 கோல். வயல் 225 குழி. கோலில் ஒரே ஒரு சாண் குறைந்து பதினைந்து சாணானால், பக்கத்துக்கு 16 கோல்; வயல் 256 குழி. பன்னிரு சாண் கோலானால் 400 குழி! வரப்பு நகரவில்லை, வயல் வளரவில்லை, விளைச்சல் ஒரு மணியும் கூடவில்லை. ஓலையில் மட்டும் நிலம் வளர்ந்தது! கோலுக்கேற்ப வரிவீதமும் மாறினால் வழக்கில்லை. வீதம் மாறாமல் கோல் மட்டும் குறுகினால், ஒரு சாணின் விலை 31 குழிக்கான வரி. உழவன் மீது படையெடுக்க வாளும் வேலும் எதற்கு? ஒரு சாண் மரம் போதுமே!

மக்கள் எப்போதும் வாய்மூடி இருந்தனர் என்றும் எண்ண வேண்டாம். 1429இல், விசயநகர ஆட்சியில், வலங்கையரும் இடங்கையரும் தம் பிரிவினையை ஒதுக்கிவைத்து ஒன்றுகூடி, கொடிய வரிகளை எதிர்த்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. வரியை எதிர்க்கத் துணிவு வேண்டும். வரிக்கு அடியான அளவை ஆராய அறிவு வேண்டும்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. பிரெஞ்சு நாட்டிலும் ஊருக்கு ஓர் அளவு, பிரபுவுக்கு ஓர் அளவு. 1789இல் மக்கள் எழுதித் தந்த குறைப்பட்டியல்களில், நாடு முழுமைக்கும் ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தது. புரட்சி வென்றது, அளவும் மாறியது. மன்னன் காலடியையும் பிரபுவின் மரக்காலையும் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான பூமியையே அளவாகக் கொள்ள 1791இல் முடிவு செய்தனர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர். 1792 முதல் டெலாம்பர், மெஷெய்ன் என்னும் இரு வானியலறிஞர்கள் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்தனர். 1799இல் பிளாட்டினத்தால் மூலக்கோல் செய்து வைத்தனர். 1983 முதல் மீட்டருக்கு அடிப்படை ஒளி. வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது. ஒளியைச் செதுக்கிக் குறைக்க எந்த அதிகாரியாலும் முடியாது! இந்தியாவும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் முறையை ஏற்றது.

அப்படியானால் சாணையும் முழத்தையும் பாடநூலிலிருந்து துரத்திவிடலாமா? கூடாது. பழைமை என்பதற்காகப் போற்றுவதும் பேதைமை. பழைமை என்பதற்காகவே தூற்றுவதும் பேதைமை. ஆசிரியப் பணியிலுள்ள நாம் அவற்றைப் படிக்கட்டாக்க வேண்டும். வகுப்பிலுள்ள பலகையைப் பிள்ளைகள் தம் சாணால் அளக்கட்டும். ஒருத்தி ஒன்பது சாண் என்பாள். ஒருவன் பதினொன்று என்பான். உடனே மீட்டர்க் கோலை நீட்டி வாயடைத்துவிடக் கூடாது. “யார் சொன்னது பிழை?” என்று கேட்க வேண்டும். இருவரும் பிழை செய்யவில்லை, கைதான் வேறு என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்வர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோல் வேண்டும் என்றும் அவர்களே கேட்பர். அவ்வாறு கேட்ட பிறகு மீட்டரைக் கையில் தந்தால், அது கட்டளையாக இராது. அவர்களே கண்டடைந்த முடிவாக இருக்கும். பிறகு அந்த 240 சாண் வயலைக் கரும்பலகையில் வரைந்து, மூன்று கோல்களாலும் கணக்கிடச் சொல்லுங்கள். கணக்கும் வரலாறும் நீதியும் ஒரே மணியில் நடக்கும் பாடமாகும் அது!

அந்தப் பிள்ளை கடைத்தெருவில் முழம் போட்டுப் பூ விற்பதைக் காணும்போது, எவர் முழம் என்று கேட்கும். மனையடி சாத்திரம் என்ற பெயரில், இத்தனை அடி அறை செல்வம் தரும், இத்தனை அடி அறை வறுமை தரும் என்று ஒருவர் வந்து மிரட்டினால், “ஐயா, எவருடைய அடி? உங்கள் அடியா, வீட்டுக்காரர் அடியா, 30.48 செண்டிமீட்டர் கொண்ட ஆங்கிலேயர் அடியா?” என்று கேட்கும். அடி மாறினால் அதிர்ஷ்டமும் மாறுமோ? ஊருக்கு ஊர் கோல் மாறிய நாட்டில், செல்வமும் வறுமையும் எந்தக் கோலைப் பார்த்து வந்தன?

அளப்பவன் கையை நம்பு என்றது பழைய உலகம். அளவைச் சோதித்துப் பார் என்கிறது அறிவுலகம். கோல் சிலர் கையில் இருந்தபோது பலர் தலை குனிந்தனர். கோல் எல்லோர் கைக்கும் வரும்போதுதான் தலைகள் நிமிரும். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதைக் கொடுப்போம். ஏன், எதற்கு, எவர் அளவு என்று கேட்கும் துணிவையும் சேர்த்தே கொடுப்போம்!