இறுவட்டு பிளேயர்: மலையக வீடுகளில் பராமரிப்பு

சீடி, டிவிடி ஆகிய இறுவட்டுகளை லேசர் ஒளியால் வாசிக்கும் வீட்டுச் சாதனம். சீடி 1982இலும் டிவிடி 1996இலும் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தன. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் அறியப்படும் பொல்பிட்டியவிலும் அதைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் தென்மேல் பருவமழைக்கால ஈரப்பதமே இச்சாதனத்தின் முதல் எதிரி.

வைக்குமிடம்: சமதளமான, அசையாத மேசை ஏற்றது. ஈரம் ஊறும் சுவரையும் விறகடுப்புப் புகையையும் தவிர்க்க வேண்டும்; புகைப்படலம் லேசர் வில்லையை மங்கச் செய்யும். காற்றுத் துளைகளைத் துணியால் மூடினால் உட்சூடு ஏறும். சூடாகும் அம்ப்ளிஃபயரின் மேல் வைக்கக் கூடாது.

ஈரமும் மின்னலும்: குளிரிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்த பிளேயரின் வில்லையில் நீர்த்துளி படியும். வட்டை வெளியே எடுத்துவிட்டு, ஓரிரு மணி நேரம் கழித்தே பாட விட வேண்டும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. இடி தொடங்குமுன்பே மின்செருகியையும் அன்டெனா வயரையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

துப்புரவு: மின்செருகியைக் கழற்றிய பின், வெளிப்புறத்தை மென்மையான உலர்துணியால் துடைக்கலாம். தின்னர், பெற்றோல் ஆகாது. 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டை ஓரத்தைப் பிடித்தே எடுத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் தடத்தோடு நீளும் கீறல் விழுந்து, பிழைதிருத்த முறையும் தோற்கும். சீடியின் தரவுப்படலம் பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டியே இருப்பதால் அப்பக்கமும் கீறலுக்குத் தப்ப வேண்டும். வெடித்த வட்டு வேகச் சுழற்சியில் சிதறக்கூடும். அதைப் போடவே கூடாது.

பாதுகாப்பு: மூடியைத் திறந்து இயக்கினால் லேசர் கண்ணைப் பாதிக்கலாம். உட்பழுதைத் திருத்துநரிடமே விட வேண்டும்.